எட்டு இடம் வேண்டாம், நாலு போதும்

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: மதுரையிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு காரில் வந்து கன்னியாகுமரியில் தங்குகிறீர்கள். கூட மனைவி, 8 வயதிலும் 13 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மூட்டுவலி உள்ள 74 வயது அம்மா. சனிக்கிழமை ஒரே நாளில் பத்மநாபபுரம் அரண்மனை, உதயகிரிக் கோட்டை, சிதறால் மலை, திருவட்டாறு, மாத்தூர் தொட்டிப்பாலம், சுசீந்திரம், வட்டக்கோட்டை, விவேகானந்தர் பாறை எட்டையும் பார்த்துவிட்டு இரவே ஊர் திரும்ப வேண்டும். எந்த வரிசையில் போனால் நடக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில், அம்மாவுக்கு சிரமம் இருக்கக் கூடாது, பிள்ளைகளுக்கு ஏதாவது மனசில் நிற்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்திருக்கிறீர்கள். வரிசையைவிட அந்த இரண்டும்தான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தக்கலைப் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன். வருஷா வருஷம் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு இந்த இடங்களுக்கு அலைந்ததும், வெளியூரிலிருந்து வரும் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதும்தான் என் தகுதி. நான் தொல்லியல் படித்தவன் அல்ல. வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டில் சில எழுத்துகளை அடையாளம் கண்டு, அச்சில் வந்த பாடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தெரியும். கல்லைப் பார்த்ததும் கடகடவென்று படிக்க வராது. அதனால் எது ஆவணத்தில் இருக்கிறது, எது வழிவழியாகச் சொல்லி வருவது என்பதை முடிந்தவரை பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் தூரம். வரைபடத்தைப் பார்த்தால் உங்கள் ஆசை நியாயமாகத்தான் தெரியும். சின்ன மாவட்டம். கன்னியாகுமரியிலிருந்து சுசீந்திரம் 13 கிலோமீட்டர், நாகர்கோவில் 20, தக்கலை 35 வாக்கில், மார்த்தாண்டம் போனாலும் 50-ஐ ஒட்டித்தான் வரும். ஆனால் இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை வழியாக மார்த்தாண்டம் போகிற பழைய நெடுஞ்சாலையில் ஓர் ஊர் முடியும் முன்னே அடுத்த ஊர் தொடங்கிவிடும். சுங்கான்கடை, வில்லுக்குறி, புலியூர்க்குறிச்சி என்று வழிநெடுக வீடு, கடை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப். மதுரை நான்குவழிச் சாலையில் ஓட்டிப் பழகிய கால் இங்கே பிரேக்கை விட்டு நகராது. மணிக்கு 30 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் கிடைத்தால் லாபம்.

தூரத்தைவிட முக்கியமானது கதவு. கோயில்கள் விடியும் முன்னே திறந்து உச்சிப் பூஜையோடு அடைத்துவிடும். பிறகு சாயங்காலம் ஐந்து மணி வாக்கில்தான் நடை திறப்பு. அரண்மனை காலை 9 மணிக்குத் திறக்கும், மதியம் ஒரு மணி நேரம் இடைவேளை விடுவார்கள், நாலரை வாக்கில் டிக்கெட்டை நிறுத்திவிடுவார்கள், திங்கட்கிழமை விடுமுறை. பாறைக்குப் போகும் படகு பொதுவாகக் காலை 8 முதல் மாலை 4 வரை. கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஆக, சுசீந்திரமும் திருவட்டாறும் ஒரே காலை நேரத்துக்குப் போட்டி போடுகின்றன. அரண்மனையும் பாறையும் ஒரே பகல் நேரத்துக்குப் போட்டி போடுகின்றன. எந்த டிரைவர் வந்தாலும் இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. நேரங்கள் திருவிழா, பராமரிப்பு என்று மாறும். முந்தின நாள் தங்கும் விடுதியில் ஒருமுறை விசாரித்துவிடுங்கள்.

அதனால் எட்டில் நாலை விட்டுவிடச் சொல்கிறேன். பாறை, சிதறால், திருவட்டாறு, மாத்தூர் இந்தப் பயணத்தில் வேண்டாம். சுசீந்திரம், பத்மநாபபுரம், உதயகிரி, வட்டக்கோட்டை போதும். இந்த நாலையும் சுற்றி கன்னியாகுமரிக்கே திரும்பி வந்தால் மொத்தம் 100 கிலோமீட்டருக்குள் அடங்கும். தூரம் குறைவு என்பதற்காக மட்டும் இவற்றைப் பொறுக்கவில்லை. கோயில் கொஞ்சம் முன்கதை. மற்ற மூன்றும் ஒரே மனிதரின் கதை. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா உட்கார்ந்து ஆட்சி செய்த இடம், பீரங்கி வார்த்த இடம், கடலைக் காவல் காத்த இடம். பிள்ளைகளுக்கு மனசில் நிற்க வேண்டும் என்றால் இடங்கள் ஒன்றோடொன்று பேச வேண்டும். எட்டு இடத்தை எட்டு வாசலாகக் காட்டினால் ராத்திரி கார் திரும்பும்போது ஐஸ்கிரீம் தின்ற இடம் மட்டும்தான் நினைவிருக்கும்.

காலை ஐந்தரைக்கு விடுதியை விட்டுக் கிளம்புங்கள். சூரிய உதயம் போகும், பரவாயில்லை. ஆறு மணிக்கு சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் இருந்தால் கூட்டம் இல்லாமல் பார்க்கலாம். ஆண்கள் சட்டை கழற்ற வேண்டும். உங்களுக்கும் பையனுக்கும் ஆளுக்கொரு வேட்டி எடுத்து வந்தால் எந்தப் பேச்சும் இருக்காது. ஏழு நிலைக் கோபுரம், உயரம் 134 அடி. சிவன், விஷ்ணு, பிரம்மா மூவரையும் ஒரே மூர்த்தமாக வழிபடும் இடம். 18 அடி ஆஞ்சநேயரைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்ப்பார்கள். ஒரே கல்லில் கொத்துக் கொத்தாகக் குடைந்த இசைத் தூண்கள் இருக்கின்றன. தட்டினால் சுரம் வருவது உண்மை. தட்டித் தட்டியே தேய்ந்திருப்பதும் உண்மை. பையன் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் பிராகாரத்தில் நடப்பது சமதளம்தான், வழுவழுப்பான கல் என்பது மட்டும் கவனம்.

இங்கே மூத்த பிள்ளைக்கு ஒன்று சொல்லுங்கள். வழிகாட்டிகள் இந்திரன் இங்கே வந்து பாவம் தீர்த்த கதையை விரிவாகச் சொல்வார்கள்; நம்பிக்கை, கேட்டுக்கொள்ளலாம். ஆவணத்தில் உள்ள கதை வேறு. இந்தக் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு காலத்தில் எல்லோரும் நடக்க முடியாது. 1926-இல் அதற்காக இங்கே சத்தியாகிரகம் தொடங்கியது. நாகர்கோவில் கோட்டாற்றைச் சேர்ந்த டாக்டர் எம்பெருமாள் நாயுடு முன்னின்று நடத்தினார். பத்து வருஷம் கழித்து, 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்த பிறகுதான் திருவிதாங்கூர் அரசுக் கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. நீங்கள் காரை நிறுத்திவிட்டு நடந்து வருகிற அதே தெருதான். பதின்மூன்று வயதுக்கு இது புரியும்.

ஏழரைக்கு வெளியே வந்தால் நாகர்கோவிலில் காலைச் சாப்பாடு. எங்கள் ஊருக்கு வந்து ரசவடை தின்னாமல் போகக் கூடாது. மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிக் காரில் போட்டுக்கொள்ளுங்கள். விரல் நீளம்தான் இருக்கும், மணம் கார் முழுக்க நிற்கும், பிள்ளைகள் பசி என்று சொல்லும்போதெல்லாம் ஆளுக்கு ஒன்று கொடுத்தால் அடங்கிவிடும். எட்டு மணிக்கு நாகர்கோவிலை விட்டால் ஒன்பதுக்கு அரண்மனை வாசல். பள்ளிக்கூட பஸ்கள் பத்து மணிக்கு மேல்தான் வந்து இறக்கும். நானே அப்படி இறக்கியவன், அதனால் சொல்கிறேன்: அதற்கு முன்னே உள்ளே போய்விடுங்கள்.

பத்மநாபபுரத்துக்குத்தான் நாளின் பெரும் பங்கு. இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். உறுதியாகத் தெரிந்தவை: இந்த ஊருக்குப் பழைய பெயர் கல்குளம். 1601 வாக்கில் இரவி வர்மா என்ற வேணாட்டு (திருவிதாங்கூரின் பழைய வடிவம்) அரசர் காலத்தில் அரண்மனைக்கு அடி போடப்பட்டது. இப்போது பார்க்கும் பெரும்பகுதி மார்த்தாண்ட வர்மா காலத்து வேலை. 1750-இல் அவர் தன் நாட்டையே திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிவைத்து, சுவாமியின் தாசனாக நின்று ஆள்வதாக அறிவித்தார். ஊர்ப் பெயரும் அதையொட்டி மாறியது. 1795-இல் அடுத்த ராஜா கார்த்திகைத் திருநாள் ராம வர்மா தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தபோது அரண்மனை நிலம் இந்தப் பக்கம் வந்தது, நிர்வாகம் மட்டும் கேரளத் தொல்லியல் துறையிடமே நின்றது. டிக்கெட்டில் மலையாளத்தைப் பார்த்து உங்கள் அம்மா திகைத்தால் இதுதான் காரணம்.

செருப்பை வெளியே விட்டுவிட்டு முகப்பு மண்டபத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் முன்னே போகப் பார்ப்பார்கள். பிள்ளைகளை அங்கேயே நிறுத்தி மேலே பார்க்கச் சொல்லுங்கள். மரக் கூரையில் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. ஒரே மாதிரி இரண்டைக் கண்டுபிடித்தால் பரிசு என்று நான் மாணவர்களிடம் சொல்வது வழக்கம், பரிசை வாங்கியவர் யாரும் இல்லை. அங்கேதான் குதிரை மேல் வீரன் உட்கார்ந்த தொங்கு விளக்கு. கருங்கல் கட்டில் ஒன்று, ஓணத்துக்கு சிற்றரசர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த வண்ணம் தீட்டிய வில்கள். அப்படியே மேலே ஏறினால் மந்திரசாலை, ராஜா மந்திரிகளோடு ஆலோசனை நடத்திய அறை. சின்ன அறைதான். ஜன்னலில் கண்ணாடிக்குப் பதில் நிறம் கொண்ட அபிரகத் (மைக்கா) தகடு. மரச் சட்டங்களை சாய்வாக அடுக்கியிருப்பதால் வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே காற்று நுழையும், வெளிச்சம் மட்டும் வடிகட்டித்தான் வரும். தரையில் முகம் பார்க்கலாம், அவ்வளவு கறுப்பு, அவ்வளவு பளபளப்பு. தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, சில செடிகளின் சாறு என்று சேர்மானம் சொல்வார்கள். கரியும் சுண்ணாம்பும் அடிப்படை என்பதை ஏற்கலாம். மிச்சப் பட்டியல் ஒவ்வொரு வழிகாட்டி வாயிலும் கொஞ்சம் மாறும், அதைப் பிள்ளை நோட்டில் எழுத வேண்டாம்.

இதேபோல இன்னும் சில இடங்களில் பொருள் உண்மை, கதை சந்தேகம். வெளியே ஓர் உருண்டைக் கல் பீடத்தின் மேல் இருக்கும். 38 கிலோ, அதை நூற்றியொரு தடவை தலைக்கு மேல் தூக்கினவனைத்தான் படையில் சேர்ப்பார்கள் என்பார்கள். கல் இருக்கிறது, தூக்கிய கணக்குக்கு நான் பொறுப்பில்லை. தாய்க்கொட்டாரம்தான் அரண்மனையின் பழைய பகுதி. அங்கே ஒரு சுரங்க வழியின் வாயைக் காட்டி, சாரோட்டு அரண்மனைக்குப் போகிறது என்பார்கள். கிட்டத்தில்தான் இருக்கிறது, நடந்திருக்கக் கூடிய விஷயம். ஆனால் அதே வாயால், வட்டக்கோட்டைக்கும் சுரங்கம் உண்டு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நடுவில் பழையாறு ஓடுகிறது, வயலும் குளமும் கிடக்கின்றன, தூரம் 40 கிலோமீட்டருக்குப் பக்கம். உப்பரிகை மாளிகையில் 64 மூலிகை மரங்களால் செய்த கட்டில் ஒன்று உண்டு. வேலைப்பாடு அபாரம், எண்ணிக்கையை மரம் தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நவராத்திரி மண்டபத்தை ஒட்டிய கோயிலில் உள்ள சரஸ்வதி கம்பர் வழிபட்ட சிலை என்பது நம்பிக்கை. அந்த அம்மன் வருஷம்தோறும் நவராத்திரிக்கு, குமாரகோயில் முருகனோடும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையோடும் திருவனந்தபுரம் ஊர்வலமாகப் போவதும், புறப்படும் முன் அரண்மனையில் உடைவாள் கைமாறுவதும் இன்றும் கண்ணெதிரே நடப்பது. காலையில் சுசீந்திரம் பார்த்துவிட்டு வருவதால் உங்கள் அம்மாவுக்கு இது சட்டென்று பிடிபடும்.

அம்மாவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். அரண்மனைக்குள் மரப் படிகள் செங்குத்து, ஒடுக்கம், நிலைப்படிகள் தாழ்வு. ஒருவழிப் பாதையாகச் சுற்றி வர விடுவதால் பாதியில் திரும்புவதும் சிரமம். முகப்பு மண்டபத்தையும் கீழே உள்ள முற்றத்தையும் காட்டி, அங்கே உட்காரவைத்துவிட்டு நீங்கள் மாற்றி மாற்றி மேலே போய்வருவதுதான் நல்லது. காவலர்களிடம் முன்னாலேயே சொன்னால் எந்த வழியாகப் போனால் படி குறைவு என்று காட்டுவார்கள். நவராத்திரி மண்டபமும் ஊட்டுப்புரையின் கீழ்த்தளமும் அவருக்குக் கஷ்டம் தராது. ஆயிரம் பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று சொல்லப்படும் அந்த நீளமான கூடத்தைப் பார்த்துவிட்டு, சமைத்தது எத்தனை பேரோ என்று என் அம்மா ஒரு தடவை கேட்டார். அதற்கு யாரும் பலகை எழுதி வைக்கவில்லை.

வெளியேறும் முன் ஒரு படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியே ஆக வேண்டும். குளச்சல் போருக்குப் பிறகு டச்சுக்காரர் டிலனாய் மார்த்தாண்ட வர்மாவின் முன் சரணடையும் காட்சி. குளச்சலில் 1741-இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் திருவிதாங்கூர் தோற்கடித்தது. மிளகு வியாபாரத்தைக் கையில் வைத்திருந்த கம்பெனிக்கு மலபார்க் கரையில் அதற்குப் பிறகு பழைய பலம் வரவில்லை. இது உறுதி. யுஸ்டாகியஸ் டிலனாய் அந்தப் படையில் இருந்ததும், பிறகு திருவிதாங்கூர் சேவைக்கு வந்து, படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்து, கோட்டைகளைக் கட்டியதும் உறுதி. அவர் டச்சுப் படையின் தளபதியா, கீழ்நிலையில் இருந்தவரா என்பதில் ஆய்வாளர்கள் ஒன்றுபட்டுச் சொல்வதில்லை. படம் பின்னால் வரைந்தது. வரைந்தவர் வெற்றி பெற்றவரின் பக்கம் நின்று வரைந்திருக்கிறார். டிலனாய் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் அடுத்து போகப்போவது அவருடைய கல்லறைக்கு.

உதயகிரிக் கோட்டை புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. அரண்மனையிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள். வனத்துறை பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கிறது, டிக்கெட் உண்டு. பன்னிரண்டு மணி வெயிலுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, மரநிழல். ஒரு குன்றைச் சுற்றிக் கருங்கல் மதில். பழைய கோட்டையை மார்த்தாண்ட வர்மா காலத்தில் டிலனாய் மேற்பார்வையில் புதுப்பித்தார்கள். பீரங்கி வார்க்கும் உலை இங்கேதான் இருந்தது. உள்ளே நடந்தால் கூரை போன ஒரு சிற்றாலயம், நாலு சுவர் மட்டும் நிற்கும். அதன் தரையில் டிலனாய் கல்லறை. 1777-இல் இறந்தார். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். தமிழ் வரிகளைப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள். சில எழுத்து தடுக்கும், கூட்டிக் கூட்டிப் படித்துவிடுவார்கள். பக்கத்திலேயே மனைவிக்கும் மகனுக்கும் கல்லறை. இந்த மண்ணைப் பிடிக்க வந்தவர் இதே மண்ணின் ராஜாவுக்கு முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, பெரிய கப்பித்தான் என்று பெயர் வாங்கி, இங்கேயே கிடக்கிறார். அரை மணி நேரத்துக்கு முன் படத்தில் பார்த்தவர். எத்தனையோ மாணவர்களைக் கூட்டிப்போயிருக்கிறேன், அரண்மனையில் சலித்துக்கொண்டு வந்தவன்கூட இங்கே கேள்வி கேட்பான்.

உதயகிரியில் இன்னொரு கதையும் தொடங்குகிறது. அரண்மனைப் பணியில் இருந்த நீலகண்ட பிள்ளை, டிலனாயோடு பழகிக் கிறிஸ்தவ நெறியைத் தெரிந்துகொண்டு, 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் கொல்லப்பட்டார். உடல் கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் அடக்கம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் தண்டிக்கப்பட்டதற்கு மதமாற்றம் மட்டுமே காரணமா, அரசியல் குற்றச்சாட்டும் சேர்ந்ததா என்பதில் எழுதுகிறவர்கள் பல பக்கம் நிற்கிறார்கள். நான் அதில் தீர்ப்பு சொல்லப் போவதில்லை. விருப்பம் இருந்தால் திரும்பும் வழியில் கோட்டாறு பேராலயத்தில் கால் மணி நேரம் நிற்கலாம்.

மதியச் சாப்பாடு ஒரு மணிக்குத் தக்கலையிலோ, திரும்பும் வழியில் நாகர்கோவிலிலோ. மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் கேளுங்கள். அம்மா சைவம் என்றால் சம்பா அரிசிச் சோறும் அவியலும் கிடைக்கும் கடை நிறைய. சாப்பிட்டதும் உடனே கிளம்ப வேண்டாம். இதுவரை ஐந்தரை மணியிலிருந்து ஓடியிருக்கிறீர்கள். விடுதி அறையை சாயங்காலம் வரை வைத்திருக்க முடிந்தால் நேராகக் கன்னியாகுமரி போய் அம்மாவையும் சின்னவரையும் ஒரு மணி நேரம் படுக்கவையுங்கள். நான் கூட்டிப்போகும் சொந்தக்காரர்களில் சண்டை பிடிக்கிறவர்கள் எல்லோரும் மதியம் மூன்று மணிக்குத்தான் பிடிப்பார்கள்.

நாலு மணிக்கு வட்டக்கோட்டை. கன்னியாகுமரியிலிருந்து வடகிழக்கே 6 கிலோமீட்டர் சுமார். மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கருங்கல் மதில், ஒரு பக்கம் கடலுக்குள்ளேயே கால் வைத்து நிற்பது போல. மதில் மேல் ஏறப் படி மட்டும் இல்லை, சரிவுப் பாதையும் உண்டு. பீரங்கியை உருட்டிக்கொண்டு போகக் கட்டியது. உங்கள் அம்மா இன்று ஏறக்கூடிய ஒரே உயரம் அதுதான், கையைப் பிடித்து மெதுவாக ஏற்றிவிடுங்கள். மேலே கல் மேடையில் உட்கார்ந்தால் கடல் காற்று, பின்னால் காற்றாலைகள், தூரத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசி முடிச்சுகள். இதையும் இப்போதைய வடிவில் டிலனாய் காலத்தில் கட்டியதாகத்தான் எழுதுகிறார்கள். கல்லில் மீன் உருவம் இருக்கிறது, ஆகவே பாண்டியர் கட்டியது என்று ஒரு பேச்சும் உண்டு. மீன் செதுக்கிய கல்லைப் பழைய கட்டடத்திலிருந்து எடுத்து வந்தும் பதித்திருக்கலாமே என்பது என் அபிப்பிராயம், அதற்கு மேல் இல்லை. காலையில் ராஜா, மதியம் கப்பித்தான், மாலையில் அவர்கள் இருவரும் பயந்த கடல். அந்த வரிசையில் வந்தால்தான் பிள்ளைகளுக்கு இந்த மதில் எதற்கு என்று விளங்கும்.

இனி விடச் சொன்ன நாலுக்கும் காரணம். விவேகானந்தர் பாறை மோசமான இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 1892 டிசம்பரில் விவேகானந்தர் தியானம் செய்த பாறை, 1970-இல் திறந்த மண்டபம், பக்கத்துப் பாறையில் 2000 ஜனவரி 1-இல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலை, இரண்டையும் இணைத்து 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலம். ஆனால் சனி, ஞாயிறு என்றால் படகு வரிசை உங்கள் அரை நாளை விழுங்கும், அம்மாவுக்கு நின்று நின்று முட்டி வீங்கும். இரவு தங்கும் ஊரே அதுதான் என்பதால் கரையிலிருந்து விளக்கொளியில் பார்ப்பது எப்படியும் நடக்கும். பாறைக்குப் போயே ஆக வேண்டும் என்றால் ஒரு ராத்திரி கூடத் தங்கி ஞாயிறு காலை முதல் படகுக்கு வரிசையில் நில்லுங்கள்.

சிதறால், திருவட்டாறு, மாத்தூர் மூன்றும் மார்த்தாண்டத்தைச் சுற்றியவை. இவற்றை விடுவதில் எனக்கே வருத்தம் உண்டு, குறிப்பாக சிதறால். பாறைக் குடைவில் 9-ஆம் நூற்றாண்டுச் சமணர் பள்ளி, தீர்த்தங்கரர்களும் பத்மாவதியும் பாறை முகத்தில் வரிசையாக. திருவிதாங்கூருக்கு வெகு முன்னே இந்தப் பக்கம் ஆண்ட ஆய் வம்சத்து மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குரத்திகள் (குரத்தி என்றால் பெண் குரு) என்ற பெண் துறவி அங்குள்ள பகவதிக்குப் பொன் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் ஒரு பெண் ஆசிரியரின் பெயர் கல்லில். ஆனால் அடிவாரத்திலிருந்து முக்கால் கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம், பாதை போட்டிருந்தாலும் ஏற்றம் ஏற்றம்தான். மத்தியானத்தில் பாறை சுடும். அம்மாவைக் கீழே காரில் உட்காரவைத்துவிட்டு ஏறினால் உங்கள் மனசு கீழேதான் இருக்கும்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் நம்மாழ்வார் பாடிய திவ்ய தேசம். 22 அடிப் பள்ளிகொண்ட மூர்த்தியை மூன்று வாசல் வழியாகத் தரிசிக்க வேண்டும். 418 வருஷத்துக்குப் பிறகு 2022 ஜூலையில் குடமுழுக்கு நடந்தது. நடை அடைக்கும் முன் போக வேண்டுமென்றால் அது உங்கள் சுசீந்திரத்தையோ அரண்மனையின் காலை நேரத்தையோ தின்றுவிடும். மாத்தூர்ப் பாலம் 1966-இல் கட்டியது, பறளியாற்றின் மேல் 115 அடி உயரத்தில் வாய்க்காலைத் தூக்கிக்கொண்டு போகிறது. நல்ல வேடிக்கை, ஆனால் இந்தப் பழைய வரலாற்றில் அது சேராது. இந்த மூன்றோடு, முன்சிறைக்குப் பக்கத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 866-இல் கோயிலும் 95 மாணவருக்குச் சாலை என்ற கல்விக்கூடமும் நிறுவிய பார்த்திவபுரத்தையும் சேர்த்தால், மார்த்தாண்டத்தில் தங்கிப் பார்க்க ஒரு தனி நாள் ஆகும். அது ஆய் நாட்டுக் கதை, வேறு காலம். அடுத்த விடுமுறைக்கு வையுங்கள்.

ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்ப்பது எங்களுக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். மகா சிவராத்திரிக்கு இங்கே சிவாலய ஓட்டம் உண்டு. திருமலையில் தொடங்கி திருநட்டாலம் வரை 12 சிவன் கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல், கையில் விசிறியோடு "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடுவார்கள். அவர்கள் பல நாள் விரதம் இருந்து ஓடுகிறவர்கள். அந்த நாளிலும் அதற்கு முந்தின நாளிலும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் காரை எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

வழிகாட்டி வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அரண்மனையில் ஒவ்வொரு பகுதியிலும் ஊழியர்கள் நின்று விளக்குவார்கள், அது போதும். உதயகிரியில் உங்கள் பிள்ளைகளே வாசித்துக்கொள்வார்கள். சுசீந்திரத்தில் ஒருவரை அமர்த்தினால் தூண்களின் சிற்பங்களைத் தவறவிடாமல் பார்க்கலாம். தொகையை உள்ளே போகும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். வட்டக்கோட்டையிலிருந்து ஐந்தரைக்குக் கிளம்பி, கன்னியாகுமரி வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு நான்குவழிச் சாலையைப் பிடித்தால் பத்தரை, பதினொன்றுக்குள் மதுரை. மழைக்காலம் என்றால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். எங்களுக்குத் தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு.